செயின்ட் கில்டாவுக்கு ஹாரிஸிலிருந்து ஒரு நாள் படகு: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக் கூட்டத்தில் பெரிய தீவான ஹிர்ட்டாவில் கால் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் இந்த டிக்கெட்டை எடுக்கிறார்கள். பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கோ, திரும்பும் வழியில் பக்கத்துத் தீவான போரரேயையும் அதன் பாறைத் தூண்களையும் படகு சுற்றிவரும் நேரம்தான் முழுக் காசுக்கும் ஈடு. ஒரு ஆளுக்கு 250 பவுண்டுக்கு மேல் ஆகும் என்பதால், எதற்குக் கொடுக்கிறோம் என்று முதலிலேயே தெளிவாக இருப்பது நல்லது.

ஹாரிஸைப் போலவே ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுகளில் ஒன்றான நார்த் யூஸ்டுக்கு மேற்கே சுமார் 64 கி.மீ. தள்ளி, திறந்த அட்லாண்டிக்கில் இருக்கிறது இந்தத் தீவுக் கூட்டம். கடைசியாக இருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று வெளியேறிவிட்டார்கள். இன்று நிரந்தரக் குடி யாரும் இல்லை. ராணுவ ரேடார் தளத்துப் பணியாளர்களும், கோடையில் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்னும் பாதுகாப்பு அமைப்பின் காப்பாளர்களும்தான் இருப்பார்கள்.

ஹாரிஸிலிருந்து போகும் படகுகள் 12 பேர் ஏறக்கூடிய வேகப் படகுகள். போக இரண்டரை முதல் மூன்று மணி நேரம், வரவும் அப்படியே. ஸ்கை தீவிலிருந்து கிளம்பினால் நேரம் இன்னும் கூடும். மூடிய கேபின் இருந்தாலும் முன்பக்க இருக்கைகளில் அலையின் அடி பலமாக விழும். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கமாக இடம் கேட்டு வாங்குங்கள். கடல் பயணக் குமட்டலுக்கு சின்னரிசின் மாத்திரை எடுப்பதாக இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை அது, கார் ஓட்டப் போகிறவர்கள் கவனிக்க.

இந்தச் சேவையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வானிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. நல்ல நிறுவனங்கள் ஒரு தேதியைக் கொடுத்து, மறுநாளையும் மாற்று நாளாக ஒதுக்கி வைக்கச் சொல்லும். இரண்டு நாளும் போக முடியாவிட்டால் பணம் முழுதும் திரும்பும். ஒரே நாளை மட்டும் நம்பி ஹாரிஸுக்குப் போவது காசைக் கரைக்கிற வேலை. மாற்று நாளுக்கும் சேர்த்து அறை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாரிஸில் பெரும்பாலான கடைகள் திறக்காது. பெட்ரோல், மறுநாள் சாப்பாடு எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

படகு கிளம்பிவிட்டாலும் இறங்க முடியும் என்று உறுதியில்லை. படகு நிற்கும் விரிகுடாவான வில்லேஜ் பே தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேற்குக் காற்று எவ்வளவு அடித்தாலும் மலை மறைத்துக்கொள்ளும். கிழக்கோ தென்கிழக்கோ மிதமாக அடித்தாலே படகுத்துறையில் அலை ஏறி இறங்கத் தொடங்கிவிடும். பெரிய படகு நங்கூரமிட்டு நிற்க, சின்ன ரப்பர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பாசி படிந்த படியில் காலை வைக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். கேமராவும் பையும் பின்னால் வரும். புறப்படும் முன் பையை முழுசாகக் கொட்டிப் பார்த்து, காலணியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தீவில் ரேட் (rat) வகைப் பெரிய எலி கிடையாது. ஒரு சினை எலி கரையேறினால் வளைக்குள் முட்டையிடும் பறவைகளின் கதி அவ்வளவுதான்.

கரையில் நான்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும். பஃபின் என்னும் வண்ண அலகுக் கடற்பறவை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பெரிய கூட்டம் இருப்பது டூன் தீவில். ஹிர்ட்டாவிலிருந்து ஒரு குறுகிய நீரிடுக்கு அதைப் பிரிக்கிறது, மக்கள் போக வழியில்லை. லீச்சஸ் பெட்ரல் என்னும் சின்னக் கடற்பறவை இருட்டியபின்தான் கரைக்கு வரும், பகல் பயணத்தில் அதைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கிராமத்தை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். தீவில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கிற கிளீட் என்னும் கல் களஞ்சியங்களில் ஒன்றின் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். செயின்ட் கில்டா ரென் என்னும் குட்டிப் பறவை கல்லிடுக்கிலிருந்து எலி போல வெளிப்பட்டு, வாலைத் தூக்கி நிறுத்தி, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் பாடும். பிரிட்டன் பெருநிலத்து ரென்னைவிடச் சற்றுப் பெரியது. உலகத்தில் வேறெங்கும் கிடையாத துணையினம். அதன் பிறகு ஆய்ஸ்வல், கொனகேர் என்னும் இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள கேப் என்னும் இடைவெளி வரை ஏறுங்கள். புல்சரிவு முடிகிற இடத்திலேயே செங்குத்துப் பாறை விழுகிறது, வேலி இல்லை, ஓரத்துக்குப் போவதானால் படுத்துக்கொண்டு போங்கள். கூட்டில் இருக்கும் ஃபுல்மர் என்னும் கடற்பறவையிடம் நெருங்கினால் நாற்றமெடுக்கும் எண்ணெயைத் துப்பும், துணியிலிருந்து லேசில் போகாது. கிரேட் ஸ்குவா என்னும் பெரிய கடற்பறவை தலைக்கு நேராகப் பாய்ந்தால் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வேகமாக அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். உயரமான முனையைத்தான் அது குறிவைக்கும். பறவைக் காய்ச்சலில் இந்த இனம் பெருமளவு அழிந்திருக்கிறது. அது துரத்துகிற இடத்தில் நின்று படமெடுப்பது நியாயமே இல்லை.

போரரேக்கு வருவோம். ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர், பிரிட்டனின் மிக உயரமான கடற்பாறைத் தூண். பக்கத்தில் ஸ்டாக் லீ. தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது பறவை எச்சமும், அதன்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கேனட் என்னும் பெரிய வெள்ளைக் கடற்பறவைகளும். பறவைக் காய்ச்சல் கேனட்டுகளைத் தாக்கிய 2022-க்கு முந்தைய கணக்கெடுப்பில் சுமார் 60,000 ஜோடி. நல்ல கேப்டன் இன்ஜினைத் தணித்து அடிவாரத்துக்குக் கொண்டுபோவார். தொப்பி கட்டாயம். பைனாகுலரில் கேனட்டின் கண்ணைப் பாருங்கள். வெளிர்நீலம்தான் இயல்பு. காய்ச்சலில் பிழைத்தவை சிலவற்றுக்கு அது கறுத்துப்போனதை ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள பாஸ் ராக் தீவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆடும் படகில் 600 மி.மீ. லென்ஸ் சுமை, 70-200 போதும். ஷட்டர் 1/1600-க்குக் கீழே போக வேண்டாம். லென்ஸில் உப்புநீர் பட்டால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள்.

மே பாதியிலிருந்து ஜூலை பாதிவரை போவது சிறந்தது. ஆகஸ்டில் கில்லமாட், ரேசர்பில், பஃபின் என்னும் கடற்பறவைகள் எல்லாம் கடலுக்குப் போய்விடும், கேனட், ஃபுல்மர் போன்றவைதான் இருக்கும். தீவில் சாப்பாடு விற்பதில்லை, தண்ணீரும் உணவும் கையோடு வேண்டும், குப்பையும் கையோடு திரும்ப வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும், பஃபினைக் கிட்டத்தில் பார்த்தால் போதும் என்பவர்களுக்கும் இந்த டிக்கெட் வேண்டாம். ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து லங்கா (Lunga) என்னும் ஆளில்லாத தீவுக்குப் போங்கள். கடல் நேரம் குறைவு, கட்டணமும் வெகுவாகக் குறைவு, ஸ்டாஃபா தீவையும் சேர்த்தே காட்டுவார்கள். இறங்கும் இடத்தில் உருளைக் கற்கள் வழுக்கும், கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் தேவை. மேலே ஏறியதும் பாதையிலேயே உட்காருங்கள். பாதை தாண்டிய புல்லுக்குக் கீழே முழுக்க வளைகள், மிதித்தால் குஞ்சோடு இடிந்துவிடும். பஃபின்கள் தாமாகவே சில அடி தூரத்துக்கு வந்து நிற்கும்.