பிறேக் உதவியா, தானியங்கி அவசர பிறேக்கா?

கண்டி வீதியில் நாவற்குழியருகே திடீரென மாடு குறுக்கிட்டால், சாரதிகள் பலர் பிறேக்கை விரைவாக மிதிக்கிறார்களேயன்றிப் போதிய அழுத்தத்துடன் மிதிப்பதில்லை. 1996இல் மெர்சிடிஸ் பென்ஸ் அறிமுகப்படுத்திய பிறேக் உதவி இக்குறையையே நிரப்புகிறது: மிதி இறங்கும் வேகத்தை உணரியால் அளந்து, அவசரம் எனக் கணித்தவுடன் முழு அழுத்தத்தையும் தானே செலுத்த, சில்லுகள் இறுகிவிடாதபடி ஏபிஎஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கால் மிதியைத் தொடாதவரை அது வாளாவிருக்கும்.

தானியங்கி அவசர பிறேக்கோ கமரா, றேடார் போன்றவற்றால் முன்னால் உள்ளதைக் கண்டு எச்சரித்து, சாரதி அசையாவிட்டால் தானே பிறேக் போடும். கண்ணயரும் இரவுப் பயணத்துக்கு இதுவே மேல். ஆயினும் முன்கண்ணாடியில் செம்மண் படிந்தால் கமராவின் பார்வை மங்கிவிடும். பாவித்த யப்பான் கார் வாங்குவோர், “பிறேக் அசிஸ்ட் இருக்கு” என்று விற்பவர் சொன்னால், இரண்டில் எது என்று கேட்பது நல்லது.