தூக்கம் தராத அலர்ஜி சிரப் ஃபெக்சோஃபெனடின்: ஏழு வயது மகளுக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்ததில்

வேலூர் சத்துவாச்சாரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. சாலைத் தூசி போதாதென்று, மழை விட்டதும் பக்கத்துக் காலி மனைகளில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து பூத்துவிடும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் காலையில் கண் விழித்தவுடன் பத்துப் பன்னிரண்டு அடுக்குத் தும்மல் போட்ட பிறகுதான் பாயை விட்டு எழுவாள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய கோடே விழுந்துவிட்டது. அது அலர்ஜிக் குழந்தைகளின் அடையாளம் என்று குழந்தை மருத்துவர் அதைப் பார்த்தவுடனே சொன்னார்.

அதுவரை நாங்கள் கொடுத்துவந்தது, குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த, எல்லா வீட்டிலும் இருக்கிற சளி சிரப். தும்மல் நின்றது உண்மைதான். ஆனால் பிள்ளை மூன்றாவது பீரியடில் மேசை மேல் தலை வைத்துத் தூங்குவதாக ஆசிரியை டைரியில் எழுதி அனுப்பினார். இந்தக் கலவையை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. என் மகள் அந்த வயதைக் கடந்தவள்தான் என்றாலும், படிக்கிற பிள்ளையைத் தூங்க வைத்துத் தும்மலை நிறுத்துவது வைத்தியம் ஆகுமா என்ற கேள்வி எனக்கு எழுந்தது.

மருத்துவர் முதலில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்துக்கு மாற்றினார். பழைய மருந்தைவிடத் தேவலை என்றாலும், மாலையில் கொஞ்சம் மந்தம் இருக்கவே செய்தது. பிறகுதான் ஃபெக்சோஃபெனடின் சிரப்பை எழுதிக் கொடுத்தார். 5 மி.லி.யில் 30 மி.கி. உள்ளது, காலை 5 மி.லி., மாலை 5 மி.லி. பழைய மருந்துகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகுந்து, அங்கே விழிப்பைக் காக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளையும் சேர்த்து அடக்குவதால்தான் தூக்கம் வருகிறது என்றும், இது ஏறக்குறைய மூளைக்குள் போவதே இல்லை என்றும் விளக்கினார். இதற்கு முன்னோடியான டெர்ஃபெனடின், சில மருந்துகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த மருந்து உடலுக்குள் மாறி உண்டாகும் பொருளே ஃபெக்சோஃபெனடின். அந்த இதயத் தொல்லை இதற்கு இல்லை என்று அவர் சொன்ன பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

முதல் வாரம் நன்றாக இருந்தது. காலை ஏழு மணிக்குக் கொடுத்தால், பள்ளி வண்டி ஏறுவதற்குள் தும்மலும் கண் அரிப்பும் அடங்கிவிட்டன. வகுப்பில் தூங்குவதாகப் புகார் வரவில்லை. இரண்டாம் வாரம் திடீரென்று பழைய கதை தொடங்கியபோது மருந்து போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி சாத்துக்குடி. மருந்தின் அடிநாக்குக் கசப்புக்கு முகம் சுளிக்கும் பேத்திக்கு, "இதைக் குடிச்சிடு கண்ணு" என்று அவள் ஆயா அரை டம்ளர் பழச்சாற்றைக் கையோடு நீட்டியிருக்கிறார். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள் இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைத்துவிடும். வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் அலுமினியம், மெக்னீசியம் மருந்துகளும் அப்படியே. தண்ணீரோடு மட்டும் கொடுக்கத் தொடங்கியதும் பலன் திரும்பியது. இவ்வளவு முக்கியமான செய்தி, நான் வாங்கிய புட்டியின் மேல் லென்ஸ் வைத்துப் படிக்கும் எழுத்தில்கூட இல்லை. என் முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை புட்டியைப் பற்றியது. இது தெளிந்த சிரப் அன்று. மருந்துத் துகள் மிதக்கும் கலங்கல். ஒரு நாள் வைத்திருந்தாலே அடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால், மேலே வருவது இனிப்புத் தண்ணீர். கடைசி நாட்களில் வருவதோ அளவுக்கு மீறிய மருந்து. அளவு மூடியின் கோடுகளும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிகின்றன. நான் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர்களிடமும் கவனம் வேண்டும். மருத்துவமனைகளைச் சுற்றி மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனாலும் ஒரு கடையில், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று மான்டெலுகாஸ்ட் என்ற இன்னொரு அலர்ஜி மருந்து கலந்த வேறொரு புட்டியைக் கொடுத்துவிட்டார்கள். சிலருக்கு மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்றவை வருவதால், மான்டெலுகாஸ்டுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்திருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டுமே தவிர, கல்லாவில் நிற்பவர் அல்லர். அன்றே திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினேன்.

மூக்கடைப்புக்கு இதை நம்பி வாங்க வேண்டாம். தும்மல், நீர் ஒழுகல், அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவற்றுக்குக் கேட்கிற மருந்து, அடைத்த மூக்கை அவ்வளவாகத் திறப்பதில்லை. அதற்கு என் மகளுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தனியாக எழுதினார்கள். மூச்சுத் திணறலோ முகம், நாக்கு வீக்கமோ வந்தால் சிரப்பை எடுத்துக்கொண்டு நிற்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

விலை செட்டிரிசினைவிடக் கூடுதல். தினம் இருவேளை என்பதால் புட்டி பத்தே நாளில் காலியாகிறது. இருந்தும், பிள்ளை விழித்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள் என்பதால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அடுத்த மாதம் எதனால் அலர்ஜி என்று அறியத் தோல் சோதனை செய்யப்போகிறார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே இந்த மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்துக்கு இப்போதே கைக்குட்டைகளைத் துவைத்து அடுக்கி வைத்திருக்கிறோம்.