பிரெய்ரி பள்ளிக்கூடப் படங்கள்: இலவசமாகத் திறந்து கிடக்கும் நெகட்டிவ் அலமாரி

ஸ்டூடியோக்காரன் நான். ஜனவரி பிறந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக க்ரூப் போட்டோதான். அந்தத் தொழில் கண்ணோடு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படப்பிரிவு இணையதளத்தில் கிராமத்துப் பள்ளிப் படங்களைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். லாகின் கேட்பதில்லை, பணம் கேட்பதில்லை, படத்தின் மேல் வாட்டர்மார்க் கிடையாது. தரம் குறையாத பெரிய டிஃப் படக் கோப்பையே அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் தொடங்கி, எஃப்எஸ்ஏ (ஏழை விவசாயிகளுக்கு உதவிய பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்) என்ற அரசு அமைப்பு ஆள் அனுப்பி எடுக்கவைத்த படங்கள் இவை. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டும் சுமார் 1,75,000. அதில் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியில் உள்ள வட டகோட்டா மாநிலத்துப் பக்கம் போனால் நாம் தேடும் பள்ளிக்கூடம் வரும்: மரத்தால் கட்டிய ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஒரே டீச்சர், எட்டு வகுப்பு வரை அவரே. நம்மூர் ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

ரஸ்ஸல் லீ 1937-ல் அங்கே வில்லியம்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்தவற்றை முதலில் பாருங்கள். ஆள் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். கூச்சப்படாமல் நேராக ஃபிளாஷ் அடிப்பார். என் உதவியாளன் அப்படி அடித்தால் திட்டுவேன், சுவரில் நிழல் கன்னங்கரேலென்று விழும். ஆனால் இருட்டு அறைக்குள் ஒன்றுகூட விடுபடாமல் எல்லாம் பதிய வேண்டும் என்றால் அதுதான் வழி. டிஃப்பைப் பெரிதாக்கினால் சட்டையின் ஒட்டுத்துணி, தையல் வரைக்கும் தெரிகிறது. ஜான் வாச்சன் 1940-லும் 1942-லும் அதே மாநிலத்துக்குப் போனார். ஆபீஸில் ஃபைல் அடுக்கும் வேலையில் சேர்ந்து கேமராவுக்கு வந்தவர். எனக்கு இவரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், சுற்றியிருக்கும் வெட்டவெளியை விட்டுவிடமாட்டார்.

குறை இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் அநேகமாக எங்கும் கிடையாது. க்ரூப் போட்டோ எடுக்கிறவனுக்கு இது பெரிய உறுத்தல், பெயர் வரிசை இல்லாத அட்டையை எந்த ஹெட்மாஸ்டர் வாங்குவார்? அப்போது பிரிண்ட் போடாமல் விட்ட நெகட்டிவ்களுக்குக் குறிப்பே இல்லை. ‘தலைப்பில்லாதது, ஒருவேளை இன்ன படத்தோடு சேர்ந்தது’ என்று பக்கத்து நெகட்டிவை வைத்து ஊகித்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் தேடல் பெட்டியை மட்டும் நம்பினால் பாதி தப்பிவிடும். ஒரு நல்ல படம் கிடைத்ததும் அதன் அழைப்பு எண்ணுக்கு (நூலகம் படத்துக்குக் கொடுத்த அடுக்கு எண்) முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்க்க ஒரு இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். அந்த ஒரு வசதிக்கே இந்தத் தளத்துக்கு முழு மார்க் கொடுப்பேன். போட்டோகிராபர் அறைக்குள் எப்படி நகர்ந்தார், எந்த ஷாட்டில் பிள்ளை கண்ணை மூடியது, எல்லாம் தெரியும். சிலவற்றில் நடுவே கறுப்பு வட்டம் இருக்கும். ஸ்கேன் கோளாறு இல்லை, பிடிக்காத நெகட்டிவில் மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கர் போடவைத்த ஓட்டை. எனக்கு வயிறு எரிகிறது.

மாவட்ட வாரியாக வேண்டுமென்றால் ஃபோட்டோகிராமர் என்ற தளம் இதே படங்களை வரைபடத்தில் பரப்பி வைத்திருக்கிறது. இன்னும் பழசு, புல்தரைக் கட்டி வெட்டி அடுக்கிய மண்சுவர்க் கட்டடம் வேண்டுமென்றால் நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்தின் சாலமன் புட்சர் தொகுப்பு. 1886-ல் கஸ்டர் கவுண்டியில் படமெடுக்கத் தொடங்கியவர். எல்லாம் கண்ணாடித் தகடு. ஸ்கேன் செய்து வெளிச்சம் கூட்டியபோது, இருண்ட வாசலுக்குள் இருந்த சாமான்கள்கூடத் தெரிந்தனவாம்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஃப்பை வெளி லேப் ஒன்றில் கொடுத்தேன். ஆட்டோ கரெக்‌ஷன் போட்டுப் பனியை வெறும் வெள்ளைத்தாள் ஆக்கி, ஓரத்தில் நின்ற பையனையும் வெட்டிக் கொடுத்தார்கள். கரெக்‌ஷன் வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம் என்று கவரிலேயே எழுதிக் கொடுங்கள்.