உறைமண்ணா, ஆழ்கடலா: மீத்தேன் ஹைட்ரேட் ஆய்வுக்கான அரசு நிதி
மீத்தேன் ஹைட்ரேட் என்பது மீத்தேன் வாயுவைத் தன்னுள் சிறைப்பிடித்த, பனிக்கட்டி போன்ற திண்மம். அதிலிருந்து எரிவாயு எடுக்கும் சோதனைகளுக்கு அரசுகள் ஒதுக்கும் பணம் பெரும்பாலும் ஆர்க்டிக் உறைமண்ணுக்கோ (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம்) ஆழ்கடல் படிவுக்கோதான் செல்கிறது. உறைமண் சிக்கனமானது, தரையிலேயே துளையிடலாம், கப்பல் வாடகை இல்லை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள மல்லிக் களத்தில் 2008-இல் ஜப்பானும் கனடாவும் சேர்ந்து, ஹைட்ரேட் மீதுள்ள அழுத்தத்தைக் குறைத்து வாயுவைப் பிரிக்கும் முறையில் ஏறத்தாழ ஆறு நாட்கள் தொடர்ந்து வாயு எடுத்தன.

கடலில் கணக்கே வேறு. ஜப்பான் 2013-இல் தன் பசிபிக் கரைக்கு அப்பாலுள்ள நான்காய் அகழியில் ஆறு நாட்களில் சுமார் 1,20,000 கனமீட்டர் வாயு எடுத்த நிலையில், கிணற்றுக்குள் மணல் புகுந்ததால் சோதனை நின்றுபோனது. 2017-இல் முதல் கிணற்றிலும் அதே மணல் தொல்லை தந்தது, இரண்டாவது கிணறு மட்டும் 24 நாட்கள் ஓடியது. இவ்வளவு செலவுக்கு இது சொற்ப வாயுதான். ஆயினும் உலகின் ஹைட்ரேட்டில் மிகப் பெரும்பகுதி கடலடியில்தான் உள்ளது. எரிவாயுவை இறக்குமதி செய்யும் ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் தங்கள் இருப்பு அங்கேயே கிடக்கிறது.

ஆகவே, நீண்டகால உற்பத்தி முறையை உறைமண்ணில் சோதிப்பதும், கடலுக்கான நிதியை முதலில் மணல் தடுப்புக்குச் செலவிடுவதுமே பொருத்தமாகத் தோன்றுகிறது.