ஐஎஸ்ஓவா, டிரைபாடா, 50 எம்எம் லென்ஸா? ஏற்காட்டில் படம் ஷார்ப்பாக வர எது முதலில்

புதுக் கேமரா வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே இப்படிப் புலம்புகிறார்கள்: "செல்போனில் எடுத்தாலே பளிச்சென்று விழுகிறது. இவ்வளவு காசு போட்டு வாங்கிய கேமராவில் ஏன் மங்கலாக வருகிறது?" நியாயமான புலம்பல்தான். செல்போனின் சென்சார் சிறியது. அதனால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே ஃபோகஸில் விழும். போதாததற்கு, ஒரே அழுத்தலில் பல படங்கள் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, கூர்மையும் ஏற்றிக் கொடுத்துவிடும். கேமரா அந்த வேலையெல்லாம் பார்க்காது. நீங்கள் சொன்னதை மட்டும் செய்யும்.

யாரிடம் யோசனை கேட்டாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்று என்பார் ஒருவர். நல்ல டிரைபாட் (மூன்று கால் ஸ்டாண்டு) வாங்கு என்பார் இன்னொருவர். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு 50 எம்எம் எஃப்/1.8 வாங்கு என்பார் மூன்றாமவர் (எஃப் எண் சிறுத்தால் லென்ஸின் துளை அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும்). என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் ஏற்காடு மலையேறிப் படம் எடுப்பவருக்கு முதலில் ஐஎஸ்ஓ, அப்புறம் 50 எம்எம், கடைசியில் டிரைபாட். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்பவர் என்றால் டிரைபாட்தான் முதல், 50 எம்எம் வேண்டியதே இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன், மங்கிய படம் ஒன்றைக் கேமராத் திரையிலேயே முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ஷேக் என்பது இதைத்தான். பின்னால் இருக்கும் மரம் தெளிவாக இருந்து, முன்னால் நடக்கும் ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது நீங்கள் இல்லை, அவர். முகம் மங்கி, காதோ சட்டைப் பட்டனோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூலைக்கு மூலை ஒரே மாதிரி சோகையாக இருந்தால் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கைரேகை, இல்லாவிட்டால் பனிமூட்டம்.

காபித் தோட்டத்து நிழல்

கார்த்திகை, மார்கழியில் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பழம் பறிப்பார்கள். உயரமாகச் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி, அதற்கும் மேலே மூடிய வானம். கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கேமராவுக்கு அது அரை இருட்டு.

18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 100-இல் அந்த நிழலுக்கு ஷட்டர் 1/30 விநாடிக்கு இறங்கிவிடும். கையில் பிடித்து எடுக்க, லென்ஸின் எம்எம் எண்ணான குவியத் தூரத்தைக் கீழே போட்டு ஒன்றை மேலே போடு என்பது பழைய கணக்கு. சாதாரணக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சாருக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். அப்படியானால் 55-க்கு 1/80. இன்றைய 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு 1/125 இருந்தால்தான் நிம்மதி. பழம் பறிக்கும் கை அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு 1/250 வேண்டும்.

லென்ஸில் விஆர், ஐஎஸ் என்று எழுதியிருக்கிறதே, அது காப்பாற்றாதா? உங்கள் கை நடுக்கத்திலிருந்து காப்பாற்றும். 1/30-இல் காபிச் செடியின் கிளையும் இலையும் நன்றாகவே வரும். பறிக்கிற அம்மாவின் விரல்கள் மட்டும் புகையாகக் கலைந்திருக்கும். விளம்பரம் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள். அதே எஃப்/5.6-இல் ஷட்டர் 1/250-க்கு ஏறிவிடும். பைசா செலவில்லை. கிரெயின்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பொரி) வருமே என்ற பயம் பழைய கேமராக்கள் விட்டுப்போன பழக்கம். இன்றைய சாதாரணக் கேமராவில்கூட 800-இல் தேடினால்தான் கிடைக்கும், 1600-உம் 3200-உம் தாராளம். 6400-க்குப் போனால் நிழல் பகுதிகளில் பொரிப் பொரியாகத் தெரியத் தொடங்கும். தெரிந்தால் என்ன? கிரெயினைக் குறைக்க வழி இருக்கிறது. கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்திருந்தால் லைட்ரூம் மென்பொருளில் 2023 முதல் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஷேக் ஆன படத்தைத் திருத்த அதுபோல நம்பகமான வழி இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கிரெயினுக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, கணினியில் வெளிச்சம் ஏற்றினால் பெரும்பாலும் கூடுதல் கிரெயின்தான் மிஞ்சும்.

இதற்கு மேனுவல் மோடெல்லாம் தேவையில்லை. மோடு டயலை நிக்கானில் எஸ் (S), கேனானில் டிவி (Tv) என்று இருக்கும் இடத்துக்குத் திருப்பி 1/250 வையுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

இதே இடத்தில் 50 எம்எம் என்ன செய்யும்? எஃப்/2-க்குத் திறந்தால் ஐஎஸ்ஓ 100-இலேயே 1/250 கிடைக்கும். காகிதத்தில் பிரமாதம். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/2-இல் ஃபோகஸின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் பகுதி, சுமார் 3 சென்டிமீட்டர்தான். கொத்தின் முன்வரிசைப் பழம் ஒவ்வொன்றும் பளபளக்கும், அதை உருவுகிற கட்டை விரல் பாதி கரைந்திருக்கும், முகம் எங்கோ போயிருக்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினால் ஆழம் 13 சென்டிமீட்டராகும். முகத்தை மட்டும் எடுக்க அது போதும். வேலையையும் ஆளையும் சேர்த்துக் காட்ட எஃப்/4, எஃப்/5.6 என்று மூடத்தான் வேண்டியிருக்கும். அங்கே போனதும் கிட் லென்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டிரைபாடைச் சரிவில், செடிகளுக்கு நடுவே விரித்து முடிப்பதற்குள் அந்த அம்மா அடுத்த செடிக்குப் போயிருப்பார்.

குகை வண்டி வேடிக்கை

ஆடித் திருவிழாவின்போது சேலம் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள், சுற்றிலும் விளக்கு, சாலை முழுக்கக் கூட்டம். இந்த இடத்துக்காகத்தான் 50 எம்எம் லென்ஸை இரண்டாவதாக வைத்தேன்.

ஸ்டுடியோ ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இதை எளிதாக விளக்கிவிடும். "நைட்ல எடுத்தா எல்லாமே ஷேக் ஆகுதுங்கண்ணா, ஒரு ஸ்டாண்டு வாங்கிடட்டுங்களா?" என்று பையன் கேட்டான். "ஸ்டாண்டு உன் கையைத்தான் புடிக்கும் தம்பி. வண்டியில வர்ற அம்மனைப் புடிக்குமா?" என்றார் ஸ்டுடியோக்காரர். தவிர, அந்த நெரிசலில் மூன்று காலை விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் வேடதாரியை எஃப்/2, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்ற அளவில் பிடிக்கலாம். அதையே கிட் லென்ஸை 55-க்கு நீட்டி எடுத்தால் ஐஎஸ்ஓ 12800 வரை போக வேண்டும். முகத்துச் சாயமும் கிரீடத்து ஜிகினாவும் ஒன்றாகக் குழைந்துவிடும். கையில் கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் நீட்டாதீர்கள். 18-இல் அது எஃப்/3.5 வரை திறக்கும். ஐஎஸ்ஓ 5000 அளவில் வேலை முடிந்துவிடும். கூட்டத்துக்குள் புகுந்து கிட்டத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவின் இஷ்டத்துக்கு ஃபோகஸை விட்டால் பெரும்பாலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சூலத்தில் போய் உட்காரும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றால் முகம் கண்டறியும் வசதியைப் போட்டுவிடுங்கள். வேடம் கனமாக இருந்தால் அதுவும் சில நேரம் திணறும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேடதாரியின் கண்ணில் வையுங்கள். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் புள்ளிதான் மற்றவற்றைவிட நம்பகமானது. படத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் குற்றம் எல்இடி விளக்குகளுடையது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் பட்டை போய்விடும்.

லேடீஸ் சீட்டில் இரவு

ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கும் இந்த இடத்தில் போட்டியே இல்லை. கீழே சேலம் விளக்குகளாக விரிந்து கிடக்கும் காட்சிக்கு டிரைபாட், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 15 விநாடி. 50 எம்எம் லென்ஸை எஃப்/2-இல் வைத்தாலும், ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினாலும் 1/60-தான் கிடைக்கும். கையில் பிடித்தால் கரணம் தப்பும் வேகம் அது. அப்படியே தப்பாமல் வந்தாலும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றிப் பொரி மொய்த்திருக்கும்.

ஆனால் டிரைபாட் இருந்துவிட்டால் மட்டும் படம் ஷார்ப்பாகிவிடாது. மலை விளிம்பில் காற்று சும்மா இருக்காது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், விலை மலிந்த ஸ்டாண்டுகள் ஆடுவதே அங்கேதான். கேமராப் பையை நடுவில் தொங்கவிடலாம், தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பையே காற்றில் ஊசலாடி ஸ்டாண்டையும் ஆட்டும். விஆரை அணைத்துவிடுங்கள், பல லென்ஸ்களில் அது ஸ்டாண்டில் இருக்கும்போது தானே நடுக்கத்தை உண்டாக்கும். விரலால் அமுக்காமல் 2 விநாடி டைமர் வையுங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். பின்திரையில் காட்சி தெரியும் லைவ் வியூவில் தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை கையால் திருப்புவது மேல். முழு இருட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே எடுத்தால் மலை விளிம்பும் படத்தில் நிற்கும்.

இந்த ஒரு படத்துக்காக டிரைபாட் வாங்கலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். உறுதியான திண்டோ மதில் சுவரோ கிடைத்தால் துண்டை மடித்துப் போட்டு, கேமராவை அதில் உட்கார வைத்து, டைமரைத் தட்டுங்கள். கம்பிக் கைப்பிடியில் மட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் யார் சாய்ந்தாலும் அது அதிரும்.

கிள்ளியூர் அருவித் தண்ணீரைப் பட்டுநூலாக இழுத்துக் காட்டவும் டிரைபாட் வேண்டும்தான். ஈரப் படிகளில் அதையும் சுமந்து இறங்குவது உங்கள் முட்டியின் பாடு.

கொலுசுக் கடை

செவ்வாய்ப்பேட்டையில் டிசைன்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் எடுப்பவருக்கு 50 எம்எம் வாங்கச் சொல்பவர்கள் அவருக்கு நல்லது செய்யவில்லை. அரை மீட்டரில் எஃப்/1.8 வைத்தால் ஆழம் 7 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சலங்கை தெரியும், அடுத்த சலங்கை கரையும், கொக்கி இருக்கிற இடமே தெரியாது. கிட் லென்ஸை 55-இல் எஃப்/8-க்கு மூடினால் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். அதற்கு மேல், 50 எம்எம் லென்ஸைவிட கிட் லென்ஸ் இன்னும் கிட்டே போகவும் விடும்.

கொலுசு எங்கும் ஓடாது. ஆகவே டிரைபாட், ஐஎஸ்ஓ 100, ஜன்னல் வெளிச்சம். ஷட்டர் கால் விநாடிக்கு இறங்கினாலும் கவலையில்லை. கொலுசைச் சுருட்டிக் குவிக்காமல் பலகையில் தட்டையாகப் பரப்பி, கேமராவை நேர் மேலிருந்து காட்டினால் ஆழப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும். இன்னும் ஆழம் வேண்டும் என்று எஃப்/22-க்கு மூடாதீர்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவி, வெள்ளிக் கம்பியின் முறுக்குக்கூட மழுங்கும். எஃப்/11 எல்லை. அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கித்தான் போகும், வாடிக்கையாளர் கேமராவைக் குறை சொல்வார்.

மூன்றுக்கும் அடங்காதவை

மதியத்தில் மலையிலிருந்து சேலத்தை ஜூம் செய்து எடுத்தால் எந்த லென்ஸிலும் சாம்பல் பூத்துத்தான் வரும். நடுவில் கிடப்பது தூசியும் கொதிக்கும் காற்றும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அதே லென்ஸ் கட்டடங்களை எண்ணிக் காட்டும். பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் திணறினால், மூட்டத்தைக் குறிவைக்காமல் மரத்தண்டின் விளிம்பைக் குறிவையுங்கள். லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று கடையில் மாட்டிவிடும் மலிவு யூவி ஃபில்டரை விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். மலைக்குளிரில் கிடந்த கேமராவை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து அடிவாரத்துப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடியில் வியர்க்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் போதும்.

50 எம்எம் வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். நிக்கானின் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் மாட்டினால் படம் வரும், ஆட்டோஃபோகஸ் வராது. லென்ஸிலேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையைக் கேளுங்கள். கேனான் ஆர் வரிசை மிரர்லெஸ் வைத்திருப்பவர் பழைய இஎஃப் லென்ஸ் வாங்கினால் அடாப்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, எஃப்/1.8-இல் கல்லாவில் இருப்பவரின் கண்ணை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.