சென்னை – யாழ்ப்பாணம்: பலாலியா, கொழும்பா, கப்பலா?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கி.மீ. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையமோ 650 கி.மீ. தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருப்பார்கள்.

காரணம் விமானம். பலாலியின் ஓடுபாதை குட்டையானது; பெரிய ஜெட் இறங்க முடியாது. அதனால் அங்கே போவது விசிறி வைத்த ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடமும் சின்னது. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். கொழும்பு ஜெட் 800ஐத் தாண்டிவிடும். தரையில் ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது போன்றவை தூரம் குறைந்தாலும் குறைவதில்லை.

அப்படியானால் எதில் போனாலும் ஒன்றுதானா? இல்லவே இல்லை. கொழும்பு விமானத்தில் போகிறவர் யாழ்ப்பாணத்தைத் தாண்டி இன்னும் 290 கி.மீ. தெற்கே போய் இறங்குகிறார். அப்புறம் வவுனியா, கிளிநொச்சி வழியாக ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் வடக்கே திரும்பி வர வேண்டும். பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குள். வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கொழும்பைத் தேர்வு செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொழும்பில் வேலை இருந்தாலோ, பலாலி விமானத்தின் நேரம் ஒத்துவராவிட்டாலோ மட்டும் அந்த வழி சரி.

இந்த வான்வழி புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் தொட்டுத்தான் மதராஸ் வந்தது. போர் அதை நெடுங்காலம் மூடிவைத்தது. 2019இல் பலாலி மீண்டும் திறந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. இந்தச் சேவை நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கப்பல் வேறு கணக்கு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறை 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ.; நான்கு மணி நேரம் ஆகும். சென்னைக்காரர் அதற்கு முன் நாகைக்கே ஓர் இரவு பஸ் ஏற வேண்டும். ஆகவே அவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தாது. நாகை, திருவாரூர், காரைக்கால் பக்கம் வீடு இருந்தால் நான் கப்பலையே சொல்வேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கடல் நிலையைப் பொறுத்துச் சேவை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ குறித்த நாளில் போய்ச் சேர வேண்டியவர்கள் கப்பலை நம்பித் தேதி வைக்காதீர்கள்.