பயிற்சிக் கத்திகள்: ரப்பர், மரம், அலுமினியம், ஷாக்நைஃப். எதை எதற்கு வாங்கலாம்?

கத்திக் குத்தைத் தடுக்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் ஆசானைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கட்டணம் கேட்கிறார்கள். வகுப்பில் கையில் கொடுக்கப்படும் டம்மிக் கத்தியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கை எதைப் பழகிக்கொள்கிறது என்பதில் பாதியை அந்தக் கத்திதான் தீர்மானிக்கிறது. எந்தப் பயிற்சிக் கத்தியும் ஏதோ ஓர் இடத்தில் பொய் சொல்லும். அந்த இடம் எது என்று தெரிந்து வாங்கினால் காசும் வீணாகாது, பழக்கமும் கெடாது.

முதலில் ரப்பர். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கத்தியைப் பெரியவர்களின் வகுப்புக்கு வாங்க வேண்டாம். காரணம் இதுதான்: வயிற்றை நோக்கி வரும் குத்தில், தடுப்பவர் ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையின் புறங்கையால் கத்தியின் தட்டைப் பக்கத்தை வெளிப்புறமாகத் தள்ளிப் பிடியிலிருந்து கழற்றுவது பல பள்ளிகளில் சொல்லித்தரப்படும் முறை. கத்தி நெம்புகோல் போல வேலை செய்து, எதிராளியின் பிடியைக் கட்டைவிரல் பக்கம் திறக்க வேண்டும். மெல்லிய ரப்பர் நடுவிலேயே மடங்கிவிடும். விசை பிடிக்குப் போய்ச் சேராது. எதிரே நிற்கும் கூட்டாளி பார்த்துப் பரிதாபப்பட்டு, தானே விரலைத் தளர்த்தி விட்டுக்கொடுப்பார். மாணவரோ தனக்கு வித்தை வந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவார். இன்னொரு கேடும் உண்டு. ரப்பர் அலகை வெறுங்கையால் இறுகப் பற்றி இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நிஜக் கத்தியில் அப்படிச் செய்தால் உள்ளங்கைத் தசைநாண்கள் போய்விடும்.

அமெரிக்காவின் கோல்டு ஸ்டீல் நிறுவனம் தன் எஃகுக் கத்திகளின் வடிவத்திலேயே விற்கும் ரப்பர் கத்திகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன. அவை சான்டோபிரீன் என்ற பொருளால் ஆனவை. ரப்பரும் பாலிபுரோப்பிலீனும் சேர்ந்த தெர்மோபிளாஸ்டிக் அது. அலகும் பிடியும் ஒரே துண்டு, வியர்த்த கையிலும் வழுக்காது. விறைப்பு போதுமானது. சில சமயம் போதுமானதற்கும் அதிகம்: முனை கெட்டியாக இருப்பதால் முழு வேகத்தில் விலாவில் குத்தினால் கன்றிப்போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். "ரப்பர்தானே" என்று கண்ணாடி போடாமல் களத்தில் இறங்குவதுதான் இந்தக் கத்தியோடு செய்யப்படும் பெரிய தவறு. பெட்டியில் வளைந்து வந்து சேர்ந்தால் கவலை வேண்டாம். நல்ல வெந்நீரில் சில நிமிடம் ஊறவிட்டு, நேராக்கி, தட்டையான பலகைக்கு அடியில் வைத்து ஆறவிட்டால் சரியாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைத்தால் மறுபடி வளையும்.

அதன் பெரிய குறை நிறம். கறுப்பு. பத்தடி தள்ளி நிற்பவருக்கு அசல் கத்தி போலவே தெரியும். பூங்காவிலோ மொட்டை மாடியிலோ பயிற்சி செய்தால் அக்கம்பக்கத்தார் பயந்துபோவார்கள். பிடியிலும் அலகின் அடியிலும் மஞ்சள் எலக்ட்ரிகல் டேப் சுற்றிவிடுங்கள்.

மரக் கத்தியை விரைவாகக் கடந்துவிடலாம். ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பள்ளிகளில் பயன்படும் சுமார் 30 செ.மீ. நீள ஓக் மரத் தந்தோ (குத்துவாள் வடிவம்) அழகான பொருள், நீண்ட காலம் உழைக்கும். அந்தக் கலையின் தந்தோ தோரி எனப்படும் கத்தித் தடுப்பு வரிசைகளைப் பழக அதுவே சரி. மற்றபடி, அதன் அலகு பருமனாக உருண்டிருப்பதால் வெட்டும் பக்கம் எது, முதுகு எது என்று தடுப்பவரின் கைக்குப் புரியாது. கத்தித் தடுப்பில் அந்த உணர்வு இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது.

அந்த உணர்வுக்கு அலுமினியம் வேண்டும். பிலிப்பைன்ஸின் ஆர்னிஸ், காலி சண்டைக்கலை மரபுகளைப் பழகுகிறவர்கள் இதையே விரும்புகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அலகு தட்டை, விளிம்பு தெளிவு, மடங்காது. கழற்றும் உத்திகளில் எது வேலை செய்கிறது, எது கூட்டாளியின் கருணையால் நடக்கிறது என்பதை இது ஒரே நாளில் காட்டிவிடும். குளிர்ந்த உலோகம் கழுத்தில் பட்டதும் மாணவரின் தோள் தானாகச் சுருங்குவதைப் பார்க்கலாம். ரப்பரில் அது வராது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எஃகுக் கத்தியின் அதே தடிமனில் செய்தால் அலகு விளையாட்டுப் பொருள் போல இலேசாக இருக்கும், கையும் நிஜத்தில் முடியாத வேகத்தில் திரும்பும். கொஞ்சம் தடித்த தகடாகப் பார்த்து வாங்குங்கள். முனை ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு அளவுக்காவது வளைந்திருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் வாங்கிய அன்றே அரம் போட்டு உருட்டிவிடுங்கள். கத்தியோடு கத்தி மோதும் பயிற்சிகளில் விளிம்பில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு நிஜமாகவே தோலைக் கிழிக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன் பழைய பருத்தித் துணியால் அலகை முழுக்கத் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே 220 எண் உப்புத்தாளும் பிறகு 400-ம் போட்டுத் தேய்த்தால் போதும். இதைச் செய்யாத வகுப்பில் அலுமினியம் இருக்கவே கூடாது. முகத்தை நோக்கிய குத்துக்கு இதை எந்த வேகத்திலும் பயன்படுத்தக் கூடாது.

ஷாக்நைஃப் கனடாவில் உருவானது. காவலர் பயிற்சிக்கென்று விற்கப்படுவது. அலகின் விளிம்பு நெடுக மின் அதிர்ச்சி தரும், படபடவென்று சத்தம் போடும், பொறி கண்ணுக்குத் தெரியும். அதிர்ச்சியின் அளவை நான்கு படிகளில் மாற்றலாம். விலை மற்றவற்றோடு ஒப்பிட முடியாத உயரத்தில் இருக்கிறது, இறக்குமதி வரியும் சேரும். தனி மனிதர் வாங்கும் பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

அது தருவது பயம். அந்தச் சத்தம் கேட்டதும் அலகைப் பிடிக்கப் போகும் கை தானாகப் பின்வாங்கும். வீரமாக நின்று தடுத்தவர்கள் விலகி நகரத் தொடங்குவார்கள். இது சின்ன லாபம் இல்லை. ஆனால் அது சொல்லும் பொய்யும் பெரியது: வெட்டுப்பட்டால் உடனே வலிக்கும் என்று கற்பிக்கிறது. நிஜத்தில் குத்துப்பட்ட பலருக்கு அந்த நொடியில் யாரோ முஷ்டியால் இடித்தது போலத்தான் தெரியும். ரத்தத்தைப் பார்த்த பிறகே விஷயம் புரியும். எனவே ஷாக்நைஃப் பயிற்சி முடிந்ததும் உடம்பைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தைக் கூடவே கற்பிக்க வேண்டும்: கழுத்து, அக்குள், விலா, வயிறு, தொடை இடுக்கு என்று கையை ஓட்டி, ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைப் பார்ப்பது. இதயக் கோளாறு, பேஸ்மேக்கர், வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயிற்சிக்கு வரக் கூடாது. மற்றவர்களுக்கும் கீழ்ப் படியில்தான் தொடங்க வேண்டும்.

ஷாக்நைஃபுக்குச் செலவழிக்க முடியாத வகுப்புக்கு ஒரு சாக்பீஸ் போதும். வெள்ளைச் சாக்பீஸை லேசாக நனைத்து ரப்பர் கத்தியின் விளிம்பிலும் முனையிலும் அழுந்தத் தேய்த்து, கறுப்புப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு பழகுங்கள். துவைத்தால் போய்விடும். இதை வைத்துச் செய்யும் ஒரு சோதனையை எந்த வகுப்பையும் எடைபோடப் பயன்படுத்தலாம். தாக்குபவர் இடக்கையால் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலக்கையால் குறுகலாக, வேகமாக, மீண்டும் மீண்டும் பத்து நொடி குத்த வேண்டும். தையல் மெஷின் ஊசி போல. பிறகு சட்டையில் விழுந்த கோடுகளை எண்ணுங்கள். ஒரே ஒரு முறை குத்திவிட்டு, நீட்டிய கையோடு சிலைபோல நிற்கும் கூட்டாளியிடம் அற்புதமாக வேலை செய்த உத்திகள் இதில் பெரும்பாலும் சிதறிப்போகும். தன் மாணவர்களை இந்தச் சோதனைக்கு விடாத ஆசானிடம் காரணம் கேளுங்கள்.

கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்பு முறையில் முதலில் சொல்லித்தரும் 360 டிகிரித் தடுப்பு, அதாவது முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து முன்கையின் வெளிப்புறத்தால் தடுத்தபடியே மறு கையால் குத்துவது, முதல் குத்துக்கு நன்றாகவே நிற்கும். இரண்டாவது குத்தில்தான் பிரச்சினை: தாக்குபவர் கையைப் பின்னுக்கு இழுத்து வேறு கோணத்தில் திரும்ப வருவார். அதனால் தடுத்த கை தட்டிவிட்டு விலகாமல் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் ஒரு கை அவர் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மறு கை அவருடைய அதே கையின் முழங்கைக்கு மேல் பின்புறம். இரண்டு கையாலும் அவருடைய ஒரு கையை உங்கள் மார்போடு அணைத்து, நெற்றியை அவர் தோளில் அழுத்தி, கால்களை அகட்டி, சுவர் வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். மணிக்கட்டை மட்டும் பிடித்தால் வியர்வையில் வழுக்கி, அவர் இழுக்கும்போது அலகு உங்கள் உள்ளங்கை வழியாகவே போகும். சாக்பீஸ் கோடு அதை அப்படியே காட்டிவிடும். கண் கத்தியையே பின்தொடர்ந்தால் அவருடைய இடக்கையின் குத்து தாடையில் விழும். இந்த நிலையிலிருந்து கத்தியைப் பிடுங்க அவசரப்படாமல், சுவரில் மோதி அவர் நிலைகுலைந்ததும் தள்ளிவிட்டு ஓடுவதைத்தான் முதல் பாடமாக வைக்க வேண்டும்.

ஓடுவதற்கும் அளவு உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிக் காட்டிய கணக்கு இன்றும் பயிற்சிகளில் பேசப்படுகிறது: கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். தரையில் டேப்பால் அந்தத் தூரத்தைக் குறித்து ரப்பர் கத்தியோடு ஒருவரை ஓடிவரச் சொல்லுங்கள். நேராகப் பின்வாங்குபவர் பிடிபடுவார். பக்கவாட்டில் வெட்டி நகர்ந்து, நடுவில் ஒரு நாற்காலியை நிறுத்துபவருக்கு நேரம் கிடைக்கும். சிலம்பத்தில் காலடி பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

நம் ஊரில் பழகுகிறவர்களுக்குச் சந்தையில் கிடைக்காத ஒரு பொருள் இருக்கிறது. விற்கப்படும் பயிற்சிக் கத்திகள் அநேகமாக அமெரிக்க அல்லது ஜப்பானிய வடிவம். இங்கே தெருச் சண்டைச் செய்திகளில் வருவது சமையலறைக் கத்தி, சூரிக்கத்தி, அரிவாள். அரிவாளுக்கு எடை நுனியில் இருக்கிறது, அலகு நீளம், முன் வளைவு வேறு. குட்டைக் கத்திக்குப் பழகிய முன்கைத் தடுப்பை அதன் முன் வைத்தால், முன்கை தாக்குபவரின் கையை நிறுத்தினாலும் வளைந்த நுனி தாண்டிவந்து தலையிலோ முதுகிலோ இறங்கும். அலகைத் தடுத்தாலோ முன்கையே போய்விடும். இதைப் பழக, அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயை 60 செ.மீ. வெட்டி, ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை மேலே செருகி, நுனியில் நுரையை மடித்து இரண்டு சுற்று அதிகமாக டேப் போடுங்கள். குழாயின் வெட்டுமுனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. வளைவு தேவையில்லை, நீளமும் நுனி எடையும் வந்தால் போதும். இதோடு பத்து நிமிடம் பழகியதும் ஒன்று விளங்கும்: நடுத் தூரத்தில் நிற்க இடமே இல்லை. வெளியே இருக்க வேண்டும், அல்லது ஓங்கும்போதே தோளோடு தோள் ஒட்டி உள்ளே போய்விட வேண்டும்.

பாதுகாப்புச் சாமான்களில் சிக்கனம் வேண்டாம். ஸ்குவாஷ் ஆடுபவர்கள் போடும் பாலிகார்பனேட் கண்ணாடி, ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் எஃப் 3164 (பழையவற்றில் எஃப் 803) தர முத்திரையோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். முழு வேகப் பயிற்சிக்கு 350 நியூட்டன் தர வாள்வீச்சு முகமூடி நல்லது, அதன் கழுத்து மடல் தொண்டையையும் காக்கும். பின்மண்டைக்கு அதில் பாதுகாப்பு இல்லை, ஆகவே நுரை அரிவாளோடு பழகும்போது அது மட்டும் போதாது.

வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். சட்டைப்பை மடக்குக் கத்தி, சாவிக்கொத்து பிளேடு எல்லாம் அதற்குள் போன பிறகே வகுப்பு தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் இருவரும் அலகைத் தொட்டுப் பார்த்து "பார்த்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கப் போய்வந்தாலும் மறுபடி.

புதிதாக வாங்குகிற எட்டு பேர் வகுப்புக்கு என் பரிந்துரை: விறைப்பான ரப்பர் கத்தி நான்கு, அலுமினியம் இரண்டு, நுரை அரிவாள் இரண்டு, கண்ணாடி எட்டு, முகமூடி இரண்டு, சாக்பீஸ் ஒரு பெட்டி. மிச்சக் காசில் ஒரு டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) வாங்கி, கையிலோ காலிலோ பீறிடும் காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுதி, 108-ஐ அழைப்பதையும் அதே வகுப்பில் பழகுங்கள். கழுத்திலும் உடற்பகுதியிலும் டூர்னிக்கே உதவாது. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியைக் காயத்துக்குள் திணித்துக் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. வெளியூர்ப் பயிற்சி முகாமுக்கு விமானத்தில் போகிறவர்கள், ரப்பர் என்றாலும், கத்திகளைக் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.